ஏறிருச்சுல்ல, அப்புறம் என்ன?

சின்ன காருக்குப் பெரிய வீல் மாட்டிக்கிறது நம்ம ஊர்ப் பக்கம் ஒரு வியாதியாவே ஆகிப்போச்சு. சரி, மாட்டிக்கோங்க. அவங்கவங்க காசு, அவங்கவங்க ஆசை. ஆனா அகலமான வீலை வாங்கிட்டு, அதுக்கு ஏத்த டயருக்குக் காசு போட மனசில்லாம, ஒல்லி டயரை இழுத்து மாட்டி, அந்த வண்டியையும் அடுத்தவன் தலையில கட்டுறாங்க பாருங்க, அதைத்தான் என்னால செரிக்க முடியல. அந்த அடுத்தவன் நான்தான்.

வண்டி ஆல்டோ 800. விருதுநகர்ல மச்சினனுக்குத் தெரிஞ்சவர் மூலமா வந்துச்சு. "டாக்டர் ஓட்டின வண்டி அத்தான், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்கு"ன்னான். எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். தமிழ்நாட்டுல விக்கிற செகண்ட் ஹேண்ட் கார் எல்லாத்தையும் ஒண்ணு டாக்டர் ஓட்டியிருக்கார், இல்லன்னா பேங்க் மேனேஜர் ஓட்டியிருக்கார். அப்ப மத்தவங்க ஓட்டின கார் எல்லாம் எங்கதான் போகுது?

கம்பெனியில இருந்து வரும்போது ஆல்டோ 800-க்கு 12 இஞ்ச் இரும்பு வீல். அகலம் 4 இஞ்ச். டயர் 145/80 ஆர்12. அவ்வளவுதான். பாக்க ஒண்ணும் பிரமாதமா இருக்காது. ஆனா 1983-ல மாருதி 800 வந்த நாள்ல இருந்து இந்த 12 இஞ்ச் சக்கரத்துலதான் இந்தியாவுல பாதிக் குடும்பம் குற்றாலமும் கொடைக்கானலும் பாத்திருக்கு. எனக்கு வந்த வண்டியில அந்தச் சக்கரம் இல்ல. 13 இஞ்ச் அலாய், கறுப்பும் வெள்ளியுமா, ஜம்முனு. எங்க வீட்டுப் பையன் நாலு மூலையிலயும் நின்னு போட்டோ எடுத்தான். "செம லுக்குப்பா"ன்னான். லுக்கு. இந்த ஒரு வார்த்தைக்காக நம்ம ஜனங்க என்னென்ன பண்ணுது!

பெறகு ஆரம்பிச்சது பாருங்க. வாரத்துக்கு ஒரு தடவை காத்து இறங்கும். நாலு வீல்லயும் இல்ல, ஏதாவது ஒண்ணுல. எதுன்னு அதுவே முடிவு பண்ணிக்கும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா முன்பக்கம் சரக்குனு ஒரு உரசல். பின்சீட்டுல ரெண்டு பேர் ஏறிட்டா ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகெலும்புக்கு வந்து ரிப்போர்ட் பண்ணும். காத்து பிடிக்கப் பெட்ரோல் பங்க்குக்குப் போனா, "ப்ரீ ஏர்"னு பலகை மட்டும் பளபளன்னு இருக்கும், மெஷின் ரிப்பேர்ல இருக்கும். இலவசம்னு எழுதி வச்ச எந்த மெஷினாவது நம்ம ஊர்ல வேலை செஞ்சு பாத்திருக்கீங்களா? பங்க் தாண்டி ரோட்டோரப் பஞ்சர் கடையில போய்ப் பிடிப்பேன். அவர் மீட்டர்ல ஒரு கணக்கு காட்டும், அடுத்த கடை மீட்டர்ல வேற கணக்கு.

ஒருநாள் ஆமத்தூர் தாண்டி ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்ல. அடிச்சது டயர் இல்லீங்க, நேரா ரிம். ணங்னு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தா அலாயோட வெளி விளிம்பு நசுங்கிக் கிடக்கு. டயருன்னு ஒண்ணு இருக்கிறதே பள்ளத்துல ரிம் அடிபடாம இருக்கத்தானே? குனிஞ்சு பாத்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. ரிம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, டயர் உள்ள ஒடுங்கிக் கிடக்கு. தொப்பைக்குப் பத்தாத சட்டையை இழுத்துப் பிடிச்சுப் பட்டன் போட்டா எப்படி இருக்கும், அப்படி.

நமக்குச் சிவகாசியில அச்சகத்துல வேலை. புரூஃப் பாக்கிறது. ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிய வந்தாகணும். அதுக்குள்ள அமாவாசை, பிரதோஷம், கரிநாள், எமகண்டம்னு ஒவ்வொரு தேதித் தாளையும் எழுத்து எழுத்தாப் பாத்து முடிக்கணும். ஒரு கார்த்திகை நட்சத்திரம் ஒருநாள் தள்ளி விழுந்தாப் போச்சு, பார்ட்டி மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிருவார். அதனால எங்க நம்பர் அச்சடிச்சிருந்தாலும் வாசிச்சுத் தொலைக்கிற புத்தி. ஸ்டெப்னியை மாட்டிட்டு, கழட்டின வீலைப் புரட்டி உள்பக்கம் பாத்தேன். ஆரக்கால் ஒண்ணோட முதுகுல வார்ப்புலயே இருக்கு: 13, பக்கத்துல 6. அதாவது 13 இஞ்ச் விட்டம், 6 இஞ்ச் அகலம். டயர்ல பாத்தேன். 145/80 ஆர்13.

இப்ப நீங்களே கணக்குப் போடுங்க. 6 இஞ்ச்னா 152 மில்லிமீட்டர். டயர் உக்காருற இடத்தோட அகலம் மட்டும்தான் அது, ரெண்டு பக்க விளிம்பு தனி. அது மேல மாட்டியிருக்கிறது 145 மில்லிமீட்டர் டயர். டயரோட முழு வயித்தைவிட அது உக்காருற பெஞ்சு அகலம்! 145/80 டயருக்கு டயர்க்காரங்க ஒரு வரம்பு வச்சிருக்காங்க. குறைஞ்சது மூணரை இஞ்ச் ரிம், அதிகபட்சம் 5 இஞ்ச். எனக்குக் கிடைச்சது 6. அந்த வரம்பை டயர்க்காரங்க பொழுது போகாம எழுதி வைக்கல. உக்காந்து சோதிச்சுப் பாத்துட்டு எழுதினது.

அதுல என்ன ஆபத்துன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன். டயரோட உள்விளிம்புல இரும்புக் கம்பி வளையம் ஒண்ணு ஓடும், பீட்னு சொல்வாங்க. உள்ள இருக்கிற காத்துதான் அந்தப் பீட்டை ரிம்மோட விளிம்புல அழுத்திப் பிடிச்சு வச்சிருக்கு. பசை கிடையாது, நட்டு கிடையாது, காத்து மட்டும்தான். டயரோட பக்கச் சுவர் கிட்டத்தட்ட நேரா நின்னு, லேசாப் பிதுங்கி, பாரத்தைத் தாங்கணும். ரிம் அகலமாயிட்டா அந்தச் சுவர் ரெண்டு பக்கமும் சாஞ்சுக்கும். பீட் சரியான கோணத்துல உக்காராது. காத்து நிறைய இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் இறங்கிருச்சு, வேகமா ஒரு வளைவு, முழுக் குடும்பம் உள்ள. பீட் ரிம்மை விட்டு நழுவிச்சுன்னா டயர்ல இருக்கிற காத்து மொத்தமும் ஒரே மூச்சுல வெளிய போயிரும். நாலு வழிச்சாலையில, லாரிக்குப் பக்கத்துல. நான் வாராவாரம் காத்து இறங்கிப் போய்க்கிட்டிருந்த வண்டி அது.

இன்னொரு கூத்து. 12 இஞ்ச் டயரோட மொத்த உயரம் 537 மில்லிமீட்டர். இந்த 13-க்கு 562. சக்கரம் பெருசானதால மீட்டர்ல 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 84-ல போகுது. ஓடின கிலோமீட்டரும் குறைச்சலாத்தான் காட்டும். "கம்மியா ஓடின வண்டி அத்தான்." ஆமாடா மாப்ள, மீட்டரே அப்படித்தான் சொல்லுது.

சரி, இதைக் கொண்டுபோய் சிவகாசியில ஒரு டயர் கடையில காட்டினேன். நல்ல கடைதான். ஏசி ரூம், சோபா, கம்ப்யூட்டர் அலைன்மெண்ட், பச்சையும் சிவப்புமா பிரிண்ட் அவுட். விஷயத்தைச் சொன்னேன். ரிம் 6, டயருக்கு வரம்பு 5. முதலாளி சிரிச்சார்.

"அண்ணாச்சி, ஏறிருச்சுல்ல? அப்புறம் என்ன?"

"வரம்பு தாண்டியிருக்கே?"

"அதெல்லாம் வெளிநாட்டு ரோட்டுக்கு அண்ணாச்சி. நம்ம ஊர்ல எத்தனை வண்டிக்குப் போட்டிருக்கோம் தெரியுமா? ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?"

திரும்பி வராததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்ல? சொல்ல நினைச்சேன், சொல்லல. அப்ப பக்கத்துல ஒரு பையன் வேற ஒரு ரிம்முல டயர் ஏத்திக்கிட்டிருந்தான். அதுவும் இதே கேஸ்தான், அகல ரிம், ஒல்லி டயர். ரெண்டு விளிம்பும் ரிம்மைத் தொடவே இல்ல, கம்ப்ரசர் காத்து எல்லாம் இடுக்கு வழியா வெளிய போகுது. என்ன பண்ணினான் தெரியுமா? ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்து டயருக்குள்ள சுத்தி அடிச்சான். ரெண்டு அடி தள்ளி நின்னு தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டான். டமார்! உள்ள கேஸ் வெடிச்ச வேகத்துல டயர் விரிஞ்சு ரிம்முல போய் உக்காந்துருச்சு. பையன் முகத்துல ஒரு சந்தோஷம். நான் சோபாவுல இருந்து எழுந்து நின்னுட்டேன்.

யோசிச்சுப் பாருங்க, எந்த ஊர்ல இது நடக்குது? 1920-கள்ல கல்கத்தா வரைக்கும் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் பொழைப்புக் காட்டின ஊர். வெடி மருந்து எப்ப வெடிக்கும், எதுக்கு வெடிக்கும்னு நாலு தலைமுறையாத் தெரிஞ்ச ஊர். பட்டாசு ஆலைக்குள்ள தீப்பெட்டி கொண்டு போக முடியாது, செல்போன் கொண்டு போக முடியாது. ரூமுக்குள்ள போகுமுன்ன உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்கணும்னு செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போகணும். நைலான் துணி உடுத்தக் கூடாது. இத்தனை விதியையும் கேட்டு வளர்ந்த ஊர்ல, ஒரு டயர் ரிம்முல ஏறலைங்கிறதுக்காக உள்ள கேஸ் அடிச்சுக் கொளுத்துறான். அந்தப் பையனோட அம்மா எங்கயாவது ஒரு ஆலையில திரி செருகிக்கிட்டிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்ல.

ஆனா அவனைச் சொல்லி என்ன பண்ண? அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்களோ அவங்களைக் கேளுங்க. இந்தப் பக்கம் ஆலைகளுக்குள்ள போயிருக்கீங்களா? ஒவ்வொரு ரூம் வாசல்லயும் பெயிண்ட்ல எழுதியிருக்கும், உள்ள எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம்னு. நல்லாப் பெரிய எழுத்துல, கண்ணு தெரியாதவங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியிற மாதிரி. நாலு பேர்னு எழுதியிருக்கிற ரூமுக்குள்ள தீபாவளி நெருங்க நெருங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பேப்பர்ல வாசிக்கிறோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. கிட்டத்தட்ட நாப்பது பேர் செத்தாங்க. அதுல காப்பாத்த ஓடினவங்களும் வேடிக்கை பாக்கப் போனவங்களும் நிறைய. விதிமீறலுக்காக அந்த ஆலையோட உரிமத்தையே நிறுத்தி வச்சிருந்தாங்கன்னு பெறகுதான் செய்தி வந்துச்சு. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபது பேருக்கு மேல. உள்குத்தகை, அளவுக்கு மீறின ஆள், அளவுக்கு மீறின மருந்து. ஒவ்வொரு தடவையும் அதே பட்டியல்தான். ஊர்ப் பேரும் தேதியும் மட்டும் மாறும்.

டயரையும் ஆலையையும் ஒண்ணாப் பேசுறியேன்னு கேப்பீங்க. ஒண்ணுதாங்க. அங்க சுவத்துல எழுதியிருக்கு, இங்க டயர்ல எழுதியிருக்கு, அலாய் முதுகுல வார்ப்புல இருக்கு, டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல இருக்கு. எழுதாம விட்டது எதுவும் இல்ல. வாசிக்கிறவன்தான் இல்ல. அதைவிட மோசம், எவனாவது வாசிச்சுக் காட்டினா அவன்தான் இந்த ஊருக்கே பிரச்சினை. "இவர் ஒருத்தர் எல்லாத்துக்கும் ரூல் பேசுவார்." ஆலை போர்மேன் சொன்னாலும் அதே பதில், புரூஃப் பாக்கிறவன் சொன்னாலும் அதே பதில். இந்தியா முழுக்க ஓடுற காலண்டரையும் டைரியையும் லேபிளையும் அச்சடிச்சுத் தர்ற ஊருங்க இது. அச்சடிக்க மட்டும்தான் நமக்குத் தெரியும் போல.

சட்டம் இல்லையான்னா, தாராளமா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அம்சங்களுக்கு மாறா வண்டியில மாத்தம் செய்யக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே ஒரு கேரள வழக்குல தெளிவாச் சொல்லிருச்சு. டயர் பட்டன் எவ்வளவு தேஞ்சா மாத்தணும்னுகூட விதி இருக்கு, காருக்கு 1.6 மில்லிமீட்டர். சரி, என்னைக்காவது செக்போஸ்ட்ல யாராவது குனிஞ்சு உங்க டயரைப் பாத்திருக்காங்களா? கண்ணாடியில கறுப்பு பிலிம் இருக்கான்னு பாப்பாங்க. 2012-ல கோர்ட் அதைத் தடை பண்ணுச்சு, சரி. பெல்ட் போட்டிருக்கியா, இன்சூரன்ஸ் இருக்கா. முட்டி மடக்கி டயரைப் பாக்கிறதுக்கு யாருக்கு முதுகு வளையுது? ஆனா ஏதாவது ஆச்சுன்னா, இன்சூரன்ஸ்காரர் மட்டும் தரையில படுத்தாவது அந்த 6-ஐக் கண்டுபிடிச்சிருவார். அந்த நேரத்துல அவருக்கு வர்ற வாசிப்புப் பழக்கம் இருக்கே!

ஜெர்மனியிலயும் ஜப்பான்லயும் பசங்க இதையே பேஷனாப் போடுறாங்களாம், வேணும்னே ஒல்லி டயரை அகல ரிம்முல இழுத்து மாட்டுறது. டயர் கடை முதலாளி போன்ல படம் காட்டினார். பாத்தேன். ஆனா ஜெர்மனியில வீலை மாத்தினா பரிசோதனை நிலையத்துல காட்டி ஒப்புதல் வாங்கணும், வண்டிப் பேப்பர்ல ஏத்தணும். அந்தப் பாதிக் கதை படத்துல வராது. நம்ம பேஷனை மட்டும் இறக்குமதி பண்ணிக்கிறோம், பரிசோதனையைக் கப்பல்லயே விட்டுட்டு வந்திடறோம்.

என் வண்டியில நடந்தது பேஷன்கூட இல்லீங்க, கஞ்சத்தனம். எனக்கு முந்தின யாரோ ஒருத்தர் ஆசைப்பட்டு அகல அலாய் வாங்கியிருக்கார். அதோட 175-ஓ 185-ஓ அகலமான டயரும் போட்டிருப்பார். அது தேஞ்சதும் விலை கேட்டிருப்பார், மயக்கம் வந்திருக்கும். அந்த சைஸ் நம்ம பக்கம் லேசுல கிடைக்கவும் செய்யாது. கடையில இருந்த மலிவான 13 இஞ்ச் டயர் 145. "ஏறுமா?" "ஏறும்." முடிஞ்சது கதை. பளபளப்புக்குக் காசு உண்டு, ரோட்டைத் தொடுற ரப்பருக்குக் கிடையாது. கல்யாண மண்டபத்துக்கு வாசல்ல நுழைவு வளைவுக்கு எவ்வளவு செலவு பண்றோம், சமையல்கட்டுல கேஸ் ட்யூபை எப்ப மாத்தினோம்? விடுங்க, அதைப் பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும்.

கடைசியில அந்த டயர் கடை முதலாளியே ஒரு யோசனை சொன்னார். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா இந்த செட்டை என்கிட்ட கொடுங்க அண்ணாச்சி. பெண்டு எடுத்து, பாலிஷ் போட்டு வச்சா நல்ல விலை போகும். இன்னொரு ஆல்டோக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார்." டயரோடயே வேணுமாம். அவ்வளவு நேரம் நான் பேசினதை அவர் காதுல வாங்கவே இல்லையா, இல்ல வாங்கிட்டுத்தான் இதைச் சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. மனுஷன் கெட்டவர் இல்ல. டீ வாங்கிக் கொடுத்தார், அன்னைக்கு வேலைக்குக் காசும் வாங்கல. இந்த மாதிரி நல்ல மனுஷங்களாலதாங்க எனக்குப் பயமே.

நான் கொடுக்கல. பழைய வண்டி உடைக்கிற இடத்துல நாலு 12 இஞ்ச் இரும்பு வீல் எடைக்கு எடை கிடைச்சது. கம்பிப் பிரஷ்ல தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சு, புது 145/80 ஆர்12 போட்டாச்சு. டயர்ல 74-னு ஒரு நம்பர் இருக்கும், பாத்திருப்பீங்க. ஒரு டயர் 375 கிலோ தாங்கும்னு அர்த்தம், ஆல்டோவுக்கு அது தாராளம். காத்து இப்ப இறங்குறதில்ல. உரசல் இல்ல. வீட்ல பையன் மட்டும் ரெண்டு நாள் பேசல. "ஆட்டோ மாதிரி இருக்குப்பா"ன்னான். இருக்கட்டும்டா. அலாய் நாலும் மொட்டை மாடியில கிடக்கு. மச்சினன் வாரம் தவறாம போன் பண்றான், "சும்மாத்தானே கிடக்கு அத்தான், வித்திரலாமா?"

உங்களுக்கு ஒரு வேலை. பழைய சின்ன கார் வாங்கப் போறீங்கன்னா பாட்டைப் போட்டுப் பாக்காதீங்க, ஏசியைப் போட்டுப் பாக்காதீங்க. முதல்ல ஒரு வீலைக் கழட்டச் சொல்லி உள்பக்கம் பாருங்க. டயர்ல 145-ன்னு இருந்து, ரிம்முல 5-க்கு மேல இருந்தா அந்த வீலோட வண்டியை எடுக்காதீங்க. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா இந்த ஞாயித்துக்கிழமையே கழட்டிருங்க. கடைக்காரர் "இது ஓடும் அண்ணாச்சி"ன்னு சொல்வார். சொல்லட்டும். கழட்டச் சொல்லுங்க.